அருளப்புவின் கண்டற்காடு

விடத்தல்தீவு அருளப்புவுக்கு உயிரென்றால் கரையோரத்து உப்புத்தண்ணீரில் வேரூன்றி நிற்கும் கண்டற்காடுதான். ஒரு மாரிப் புயலில் வள்ளம் கவிழ்ந்து தகப்பன் கடலோடு போக, கண்டல் வேரைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தவன் அவன். காட்டை வெட்டாதீர்கள் என்பதற்கு அதைக் காரணமாகச் சொன்னால் ஊரில் எவன் கேட்பான்? எழும்பிப் போய்விடுவார்கள். அதனால் ஆள் கெட்டித்தனமாக வேறு கதை பேசினான்.

“கண்டல் நிண்டாத்தான் றால்குஞ்சு வளரும். றால் இருந்தா உங்கட வீட்டிலயும் அடுப்பெரியும், என்ர வீட்டிலயும் எரியும்,” என்று வீடுவீடாக ஏறி இறங்கினான். வியாபாரியிடம், “உங்கட கடைக்கும் ஆதாயந்தானே, மீராசாஹிபு நானா,” என்றான். பலித்தது. விறகுக்குக்கூட அங்கே யாரும் கத்தி வைக்கவில்லை. றாலும் வலை நிறைய வந்தது.

பிறகு தலைமன்னாருக்கு றெயில் பாதை போடும் காலம். சுண்ணாம்புச் சூளைக்கு விறகு தேடி, அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்த ஒரு கொந்தறாத்துக்காரன் வந்தான். காட்டைத் தந்தால் வீட்டுக்கு வீடு தகரக் கூரை என்றான். அருளப்பு குறுக்கே நின்று மறித்தான். ஊரும் அவன் பக்கம் தலையாட்டியது.

மடு மாதா கோயில் திருவிழா வந்தது. அவனுக்கு அங்கே ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மனைவி மதலேனா கால் உளைகிறது என்று நின்றுவிட்டாள். அவள் தம்பி எமிலியானுஸ், “நீங்கள் மாதாவிட்டப் போட்டு வாங்கோ அத்தான். காட்டை நான் பாக்கிறன்,” என்றான்.

திரும்பி வந்து பார்த்தால் கரை மொட்டையாகக் கிடந்தது. படுபாவி! காவல் நிற்கிறேன் என்றவனே ஆட்களைக் கூட்டிப்போய் வெட்டியிருக்கிறான்.

“ஏன்டா இப்பிடிச் செய்தனீ?”

“எல்லாருக்கும் பிரயோசனம் வேணுமெண்டு நீங்கள்தானே அத்தான் சொன்னனீங்கள்? இது றாலைவிடப் பெரிய பிரயோசனம்.”

அருளப்பு வீட்டுக்கு ஓடினான். முற்றத்தில் புதுத்தகரம் அடுக்கிக் கிடந்தது.

“உன்ர தம்பி உன்னையும் ஏமாத்திப் போட்டானே?” என்று மதலேனாவைக் கேட்டான். ஓம் என்று ஒரு சொல் சொல்லமாட்டாளா என்று அவன் மனம் கெஞ்சியது.

“மாரி வந்தா ஓலைக்கூரை ஒழுக்குக்குள்ள பிள்ளையளை மடியில வச்சுக்கொண்டு விடிய விடிய இருந்தவள் நான்,” என்றாள் அவள். “அவன் ஏமாத்தேல்லை. கோடாலியை எடுத்துக் குடுத்ததே நான்தான்.”