முதுகைப் பார்க்கும் நாற்காலி

பாட்டுக்காரன் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை நான் சென்னைக்கு வந்துதான் பார்த்தேன். அந்தப் பாட்டுக்காரன் என் மகன் சேவியர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மயிலாப்பூரில் ஒரு மாமியின் வீட்டுக் கூடத்தில் இருபத்துமூன்று ஆண்களை மூன்று வரிசையாக நிறுத்துவான். அவர்களுக்கு முகத்தையும் எனக்கு முதுகையும் தந்துவிட்டு, இரண்டு கையாலும் காற்றைத் தடவுவான். பாட்டு அவன் இயற்றியது. அதை அவர்கள் நாலு பங்காகப் பிரிந்து, ஆளுக்கொரு வழியில் பாடுவார்கள். முதல் நாளே நான் எழும்பி, "தம்பி, ஒருத்தரும் ஒத்துப் பாடேல்லையே" என்று சொல்லிவிட்டேன். கூடமே சிரித்தது. அப்படிப் பிரிந்து போவதுதான் கொயர் என்கிற கூட்டுப் பாட்டின் அழகாம். எங்கள் மன்னார் வேதக்கோயிலில் ஊர் முழுக்க ஒரே வழியில்தான் பாடும். யாராவது விலகினால் மூப்பர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையே போதும்.

அந்த இருபத்துமூன்று பேரும் ஆணை விரும்புகிற ஆண்கள். என் மகனும் அப்படித்தான். இதை வாசிக்கிற ஊர்ச்சனம் வாயில் கை வைக்கும் என்று தெரியும். மறைத்து எழுத எனக்கு மனமில்லை. கலியாணப் பேச்சை நான் எடுத்த ஒரு மத்தியானம், "அம்மா, எனக்குப் பொம்பிளை பாக்காதேங்கோ, எனக்கு ஆம்பிளையளிலதான் விருப்பம்" என்றான். என் கையில் மீன் குழம்பு அகப்பை. "முதல்ல சாப்பிடு, பேந்து கதைப்பம்" என்றேன். சாப்பிட்டான். கதைத்தோம். மூன்று நாள் நான் அழுதேன், அது என் பாடு. ஆனால் கதவைச் சாத்தவில்லை.

ராயப்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோவில் போவேன். வாயைத் திறந்த உடனே ஆட்டோக்காரர்கள், "இன்னா பாட்டி, மலையாளமா?" என்பார்கள். "தமிழ்தான் மோனை" என்றால் இன்னும் குழம்பிப்போவார்கள். மன்னாரிலிருந்து படகில் வந்து, அகதி முகாமில் இருந்து, இந்த ஊரில் தலை நரைத்தும் இன்றைக்கும் என்னைக் கேரளாவுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

அது பழகிவிட்டது. பழகாதது மாமி. கூடத்தின் அந்தக் கோடியில், பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு ஊஞ்சல். மாமி அதில் இருப்பார். ஆகவே என் பிள்ளையின் முகம் முழுவதும் மாமிக்குத்தான். எனக்கு வாசல் பக்கத்து நாற்காலி. ஒரு நாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஈக்காட்டுத்தாங்கல் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிற பாலா, அடிக்குரல் பாடுகிறவன், குறுக்கே வந்துவிட்டான். "யம்மா, அங்க குந்தாத, நாங்க நிக்கவே எடம் இல்ல. இன்னா அப்டி மொறைக்கிற? உன் புள்ளய நாங்க துன்னுடப் போறோமா?" எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். "சேவியர் அம்மா, நீங்க அங்கேயே சௌகரியமா உக்காருங்கோ, காப்பி அனுப்பறேன்." என் பிள்ளையைப் பார்க்க எனக்குக் காப்பியா லஞ்சம்? அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை.

அதையும் விட ஒன்று உண்டு. மாமி பாட்டு டீச்சராக இருந்தவர். அவரிடம் சின்ன ரேடியோ அளவில் ஒரு சுருதிப் பெட்டி இருக்கிறது. பாட்டுத் தொடங்கமுன் அவர் அதைத் தட்டிவிடுவார். என் மகன் குனிந்து காதைக் கொடுத்து, அந்தச் சுரத்தை எடுத்துப் பையன்களுக்குக் கொடுப்பான். அவன் குனிகிறபோதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஏனென்றால் அந்த வேலை என்னுடையது. எங்கள் ஊரில் பெரிய வியாழன் பூசையோடு மணியும் ஆர்மோனியமும் வாயை மூடிவிடும். உயிர்ப்புப் பாஸ்கு வரைக்கும் ஒரு வாத்தியமும் தொடக்கூடாது. பெரிய வெள்ளியில் யேசுவுக்குப் பாடுகிற ஒப்பாரிக்கு யாரோ ஒருவருடைய தொண்டைதான் முதல் சுரத்தைத் தரவேண்டும். அது என் தொண்டை. பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் எடுத்த சுரம் ஒரு வருசமும் பிசகினதில்லை. சேவியர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி என் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அப்போது முகம் எனக்குத்தான் இருந்தது.

போன மாசம் அடையாற்றில் ஒரு அரங்கில் அவர்களுடைய கச்சேரி. சாமான்களை வேனில் ஏற்றுகிற அவசரத்தில் சுருதிப் பெட்டி ஊஞ்சலில் தனியாக இருந்தது. எடுத்து என் பையில், செபப்புத்தகத்துக்கும் குடைக்கும் நடுவில் வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் பொய். பெட்டி இல்லாவிட்டால் என் மகன் என்னிடம் வரவேண்டும். "அம்மா, சுரம் தாங்கோ" என்று அவன் கேட்க வேண்டும். அதை மாமி பார்க்க வேண்டும்.

அரங்கில் தேடினார்கள். "ஊஞ்சல் மேலதானே வெச்சேன்! வயசாயிடுத்து, எல்லாம் மறந்து போறது" என்று மாமி தலையில் கை வைத்தார். நான் தொண்டையைச் செருமித் தயாராக நின்றேன். பாலா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "இதுக்குப் போயி ஏன் மாமி பேஜாராவுற? சுருதி போன்லயே கீது." அவ்வளவுதான். செருமின தொண்டையோடு போய் முன் வரிசையில் இருந்தேன்.

பக்கத்து நாற்காலிக்கு மாமி வந்தார். அரங்கில் ஊஞ்சல் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கேர்ந்து முதுகுதான் தெரியறது, இல்லையா?" என்றார். "எனக்கு எப்பவும் அதுதான்" என்றேன். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "என் பிள்ளையும் இவா மாதிரிதான். சொன்ன அன்னிக்கு, இனிமே இந்தாத்துப் படி ஏறாதேன்னுட்டேன். இப்போ கனடாவுல இருக்கான். நான் கூப்பிட்டா போனை எடுக்கறதில்லை. உங்க பிள்ளை பாடச்சொல்லிண்டு நிக்கறச்சே அவன் நிக்கறாப்பல இருக்கும். அதான் கண்ணெடுக்காம பார்ப்பேன்."

எனக்கு இரக்கம் வந்தது. பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். தன் பிள்ளையைத் தொலைத்தவர் என் பிள்ளையின் முகத்தில் அவனைத் தேடுகிறார் என்றால், எனக்கு மிச்சம் என்ன? ஆனால் மடியிலிருந்த பை திடீரென்று கனத்தது.

கடைசிப் பாட்டு வந்தது. பாலா போனைத் தட்டினான். சேவியர் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று கையைக் காட்டினான். குனிந்து நின்றான். பிறகு வாயை மூடிக்கொண்டு தானே ஒரு சுரம் எடுத்தான். போனில் வந்ததைவிட ஒரு படி மேலே, கொஞ்சம் மூக்கால் வருகிற சுரம். பெரிய வெள்ளியில் நான் எடுக்கிற சுரம் அது, மூக்குக்கூட என்னுடையது. இருபத்துமூன்று பேரும் அதை வாங்கி நாலு வழியில் பிரித்துக்கொண்டு போனார்கள். அது எங்கேயிருந்து வந்ததென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் திரும்பியும் பார்க்கவில்லை. கண்முன்னால் அதே முதுகு.

பையைத் திறந்து பெட்டியை எடுத்து மாமியின் மடியில் வைத்தேன். மாமி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டார்.

முடிந்ததும் பையன்கள் என் மகனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் தூரத்திலிருந்து, நீங்கள் போங்கள் என்று கையசைத்தான். மாமியும் நானும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். அடையாற்றுப் பாலத்தில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பாட்டிக்கு எந்த ஊரு?" என்றார்.

எனக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் வாயைத் திறந்தால் அந்தச் சுரம் போய்விடும். அரங்கிலிருந்தே உதட்டை இறுக்கிக்கொண்டு, உள்ளுக்குள்ளே அதைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தேன்.

"அவாளும் நம்ம மயிலாப்பூர்தான். பார்த்து ஓட்டுப்பா" என்றார் மாமி.

இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் இல்லை.