வாசலில் நின்ற சாமி

இந்த ஊரில் காலை எட்டு மணிக்கே வேட்டு போடுகிறார்கள். மால்டா என்கிற இந்தத் தீவுக்கு வந்த புதிதில், சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, "யாருடி போயிட்டாங்க?" என்று மகள் கலாவிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "சாவு இல்லம்மா, திருவிழா. இங்க ஊருக்கு ஒரு புனிதர் இருக்காரு. ஃபெஸ்டான்னு சொல்வாங்க." அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் திருவிழாவுக்கும் வேட்டு உண்டுதான். ஆனாலும் விடிந்ததும் வேட்டு கேட்டால் மனசு முதலில் சாவுக்குத்தான் போகும்.

கலா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள் நான். மாசி மாதம் என் வீட்டுக்காரர் ஊரில் இறந்துபோனார். இங்கே தங்குவதற்கான என் கார்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. வெளியே போனால் திரும்பி வர முடியாது என்றார்கள். குழந்தையை விட்டுவிட்டுக் கலாவாலும் போக முடியவில்லை. ஊரில் இருக்கிற மகன் போனைத் தூக்கிப் பிடித்தான். அதில்தான் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள் இல்லையா? என்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியவர்கள் எல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். நான் குழந்தைக்குப் பால் கலக்கப் போனேன்.

அவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இங்கே வீடுகள் எல்லாம் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லால் கட்டியவை. சுவரில் கை வைத்தால் ஒட்டுகிற தூள், சாயங்காலம் அவர் சட்டையை உதறினால் பறக்குமே, அதே தூள்.

ஆடியில் எங்கள் தெருவுக்குத் திருவிழா வந்தது. வீட்டுக்கு வீடு மேல்மாடத்தில் சிவப்புப் பட்டுத் துணி தொங்கவிட்டார்கள். எதிர்வீட்டு கார்மென் அம்மா எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். "ஃபெஸ்டா! ஃபெஸ்டா!" என்று மாடத்தைக் காட்டினார். நான் "நோ, நோ" என்று துணியை அவர் கையிலேயே திணித்தேன். அஞ்சாவது படித்தவளுக்கு அதற்குமேல் இங்கிலீஷ் வராது. தங்கள் ஊர்ப் புனிதரை நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"ஏம்மா திருப்பி அனுப்புன? பாவம், மூஞ்சி தொங்கிப்போச்சு அவங்களுக்கு" என்றாள் கலா.

"வருஷம் திரும்பலடி. நம்ம வாசல்ல செவப்புத் துணி தொங்கலாமா?"

"இங்க யாருக்கும்மா தெரியப்போவுது?"

"அதத்தான்டி நானும் சொல்றேன். யாருக்குமே தெரியல. உங்கப்பா செத்தது இந்தத் தெருவுல ஒரு நாய்க்குக்கூடத் தெரியல."

கலா எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

எங்கள் ஊரில் மாரியம்மன் வீதிவலம் வரும்போது வாசலுக்கு வாசல் நின்று போகும். சாவு விழுந்த வீட்டில் மட்டும் வருஷம் திரும்புகிறவரை நிற்காது. உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்த வாசல் வந்ததும் மேளம் அடங்கும். தாண்டிப் போனதும் மறுபடி அடிக்கும். அடங்குகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் செத்தவருக்குத் தெரு செய்கிற மரியாதை.

அதனால் அன்று சாயங்காலம் புனிதர் சிலை ஊர்வலம் வருகிற நேரத்தில் வாசல் கதவு இரண்டையும் சாத்திவிட்டு உள்ளே நின்றேன். பாண்டு வாத்தியம் நெருங்கிவந்தது. எங்கள் வாசலில் சட்டென்று அடங்கியது. இவர்களுக்கும் இந்த வழக்கம் உண்டா? தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

கலா இடுக்கில் பார்த்தாள். "அம்மா, சிலையை நம்ம பக்கம் திருப்பி வச்சிருக்காங்க. தோள்ல தாங்கிக்கிட்டு நிக்கிறாங்கம்மா. கார்மென் அம்மாதான் சொல்லியிருக்காங்க. துக்க வீட்டுல நின்னுட்டுத்தான் போவாங்களாம்."

"நிக்கக் கூடாதுடி! போவச் சொல்லு."

அவள் கதவைத் திறந்துவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். அங்கேயே வந்து கார்மென் அம்மா என்னைக் கட்டிப்பிடித்தார். அவ்வளவுதான். மாசியிலிருந்து அழாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. ஒப்பாரி வைத்து அழுதேன். ஒரு வார்த்தைகூடப் புரியாத அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். நான் அடங்கின பிறகுதான் வாத்தியம் மறுபடி கிளம்பியது.

அடுத்த வாரம் மகன் போன் பண்ணினான். "சாமி வந்துட்டுப் போச்சும்மா. நம்ம வூட்டுக்கிட்ட மேளத்த நிறுத்திட்டு, நிக்காமப் போயிட்டாங்க." நல்லது என்றேன். அங்கே சாமி சரியாகத் தாண்டிப் போயிருக்கிறது. இங்கே சரியாக நின்றிருக்கிறது. எது அவரைப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை.

பக்கத்து ஊரில் இப்போது திருவிழா. விடிந்தால் வேட்டு கேட்கிறது. வருஷம் திரும்ப இன்னும் நாள் இருக்கிறது. இந்த வீட்டு வாசலுக்கு இரட்டைக் கதவு. ஒன்றை அவருக்காகச் சாத்தியே வைத்திருக்கிறேன். கார்மென் அம்மா வருவார் என்று மற்றதைத் திறந்து வைத்திருக்கிறேன்.