குடையை இறக்க மாட்டேன்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மிச்ச மூன்றில் இரண்டு என் அண்ணன் பிள்ளைகள், ஒன்று பக்கத்து வீட்டில் தாயில்லாமல் நின்றது. ஏழும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் போன மாதத்திலிருந்து என் வீட்டு டிவி என்னை ஒன்றும் தெரியாதவளாக நடத்துகிறது.

முன்பெல்லாம் பொத்தானை அமுக்கினால் உள்ளே யாராவது ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பார்கள். கதவைத் திறந்து தெருவில் இறங்கினது போல இருக்கும். நாம் வந்ததற்காக யாரும் பேச்சை நிறுத்த மாட்டார்கள், நாமாகக் காதைக் கொடுத்துப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இப்போது வீட்டுக்கு நெட் வந்துவிட்டது. அமுக்கினால் ஒருவரும் பேசுவதில்லை. வரிசை வரிசையாகப் படங்களை மாட்டிக்கொண்டு, புடவைக் கடைக்காரன் மாதிரி, எதை எடுத்துப் போடட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறது. பெயர் சொன்னால்தான் எடுத்துப் போடும். நான் கேட்கிற சரக்கு அந்தக் கடையில் இருக்கிறதா என்பதுதான் எங்கள் வீட்டில் போன மாதம் நடந்த சண்டை. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து இங்கே எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் இன்னும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிற என் ஜனங்களுக்கும், கப்பல் ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டவர்களுக்கும் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ரங்கூனில் பிறந்தவள். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். பட்டாளத்துக்காரர்கள் நாட்டைப் பிடித்த பிறகு, ஒரு நாள் காலையில் பச்சைச் சட்டை போட்ட நான்கு பேர் வந்து கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா அடுத்த நாளும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பூட்டின கடை வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். அதற்கடுத்த நாளும் போனார். நான் அப்போது பர்மியப் பள்ளிக்கூடத்தில் நான்காவது. ஒரு பக்கம் எறும்பு கடித்த அப்பளம் போல வட்டம் வட்டமான எழுத்து. ‘காஜீ, காக்வே’ என்று அந்த எழுத்துகளை வரிசையாக வகுப்பே கூரை பறக்கக் கத்தும். டீச்சரை ‘சயாமா’ என்போம். என் சிலேட்டைத்தான் சயாமா தூக்கி மற்றவர்களுக்குக் காட்டுவாள். என் வட்டம் அவ்வளவு வட்டமாக இருக்கும்.

மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது எனக்குப் பத்து வயது. முகாமில் சில மாதம் வைத்திருந்து, பிறகு எண்ணூரில் மணலில் ஒரு குடிசைக்கு இடம் கொடுத்தார்கள். முதல் நாள் குழாயடிக்குப் போனபோது, ரங்கூனில் போவது போலவே கன்னத்தில் தனக்கா பூசிக்கொண்டு போனேன். மரப்பட்டையை உரைத்து எடுக்கிற சாந்து அது, வெயிலுக்குக் குளிர்ச்சி. குடத்தோடு நின்ற ஒரு அம்மாள் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாமே இது, மூஞ்சிக்கு சுண்ணாம்பு அட்ச்சிகினு வந்துகீற? பொங்கலுக்கு இன்னும் நாள் கீதே!”

எனக்கு அதில் பாதி புரியவில்லை. அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “தொடச்சிடு, ஊரோட ஒத்துப்போ” என்றாள். நான் துடைக்கவில்லை. கொண்டுவந்த பட்டை தீர்கிற வரை பூசிக்கொண்டுதான் தண்ணீர் பிடித்தேன். அங்கே எங்களைக் ‘கலா’ என்றார்கள், வெளியூர்க்காரன் என்று அர்த்தம். இங்கே ‘பர்மாக்காரி’ என்றார்கள், அதற்கும் அதேதான் அர்த்தம். அம்மா அத்தோக் கடை போட்டாள். பர்மாவின் நூடுல்ஸ்தான் அத்தோ. வெங்காயம் அரியவும், மேலே நொறுக்கிப் போடுகிற பேயோ வறுக்கவும் ஆள் வேண்டியிருந்ததால் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. தமிழ் எழுத்தை பஸ்ஸின் நெற்றியிலிருந்தும் ரேஷன் அட்டையிலிருந்தும் பொறுக்கிக்கொண்டேன். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் எழுத வராது. என் பிள்ளைகள் பள்ளிக்கூட பாரத்தில் ‘தாயின் படிப்பு’ என்று இருக்கும் இடத்தில் ஏழு தடவையும் ‘இல்லை’ என்றே எழுதினார்கள்.

இனி குடையைப் பற்றிச் சொல்கிறேன். டிவிக்கு மாடியில் வைக்கிற தட்டை நாங்கள் குடை என்போம். ஒரு கேபிள்காரர் தன் தொழிலை மூடியபோது போட்டுவிட்ட ஆளுயரக் கம்பிவலைக் குடையை என் வீட்டுக்காரர் மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அவர் இந்த ஊர்க்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதில் பர்மா டிவி பிடிக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாட்டுவதற்கு கொடுங்கையூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நான் கடலைக் காட்டி, “கெயக்கால திருப்புப்பா, பர்மா அங்கதான் கீது” என்றேன். அவர் குடையை வானத்தைப் பார்த்து அண்ணாத்தி வைத்தார்.

“யக்கா, நீ கப்பல்ல வந்த ரூட்ட சொல்லிகினு கீற. டிவி கப்பல்ல வராது. மேல போயிதான் கீய வரும்.”

“அப்ப எங்கள தொரத்துனவன் வானத்துலயா கீறான்?”

“அவன் எங்க கீறான்னு எனக்குத் தெரியாது. அவன் சிக்னலு அங்கதான் கீது.”

அவர் சொன்னது சரி. படம் வந்தது. முதலில் வந்தவன் பச்சைச் சட்டைக்காரன். நாற்பது வருடம் கழித்து அந்தச் சட்டையைப் பார்க்கிறேன். மெடலெல்லாம் குத்திக்கொண்டு எதையோ திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தான். எனக்குள் எங்கேயோ கிடந்த பர்மிய மொழி வாய்வரை வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவனைத் திட்டினேன். அன்றிலிருந்து தினமும் காலை, கடைக்கு மாவு கரைப்பதற்கு முன், அவன் பேச நான் திட்ட, இருபது வருடத்துக்கு மேல் நடக்கிறது. ஆசையாகப் பழைய ஊரைப் பார்க்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். நான் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் பேசும்போதே நான் பதில் சொல்கிறேன் என்பதுதான் அதில் எனக்கிருந்த மரியாதை. என் திட்டெல்லாம் பத்து வயதுப் பிள்ளையின் திட்டு. குரங்கு, மூக்கொழுகி, தவளைவாயன், அவ்வளவுதான். பெரிய மனுஷர்கள் பர்மியத்தில் எப்படித் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் கப்பல் ஏற்றிவிட்டார்கள். திட்டி முடித்த பிறகு, படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து விரலால் தொடைமேல் எழுதிக்கொண்டிருப்பேன். அம்மா போன பிறகு, அண்ணன் போன பிறகு, அந்த மொழியில் நான் பேச உலகத்தில் அந்தப் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன்தான் மிச்சம்.

போன மாதம் என் மகன் ரவி வீட்டுக்கு நெட் போட்டான். விம்கோ நகர் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை அவனுக்கு. தமிழ்ச் சேனல் வந்துகொண்டிருந்த சின்னக் குடையை அன்றைக்கே கழற்றினான். ஸ்பேனரோடு பெரிய குடைக்குப் போனபோது, நான் அதன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உப்புக்காற்றில் பாதி துருப்பிடித்து, படகுக் கயிறு போட்டு நானே இழுத்துக் கட்டி வைத்திருந்த கம்பம்.

“யம்மா, இன்னாத்துக்கு இந்தத் துருவ கட்டிப்புட்ச்சிகினு கீற? அடுத்த பொயலுக்கு இது எவன் தலைமேலயாவது உயுந்தா நான்தான் போலீஸ் ஸ்டேஷன் போவணும். நெட்டுல உலகமே கீது.”

“உலகம் இருக்கட்டும்டா. என் பர்மா கீதா?”

“எல்லாம் கீது.”

“காட்டு. நீ காட்டுனா நானே குடைய கயட்டித் தரேன்.”

மருமகள் தேவி நடுவில் வந்து, “அத்த சொல்றதும் நாயம்தான். காட்டிட்டு கயட்டுங்க” என்றாள். அவள் நல்லவள். ஆனால் மாடியில் வடகம் காயவைக்க இடம் வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு.

காட்ட முடியவில்லை. பேத்தி நித்யா பதினொன்றாவது படிக்கிறாள், போனில் கை பறக்கும். அவள் தமிழில் பர்மா என்று போட்டாள். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவன் அத்தோ சாப்பிட்டு, “வேற லெவல்” என்று கத்தினான். அடுத்தவன் முட்டையைக் கீறி மசாலா வைப்பதைக் காட்டினான். “இது நம்ம ஊரு கடைடா, இதுவா பர்மா?” என்றேன். இங்கிலீஷில் போட்டாள். வெள்ளைக்காரர்கள் பலூனில் ஏறிக் கோவில்களைப் பார்த்தார்கள். பிறகு எப்படியோ அந்தப் பட்டாளத்து டிவியையே ரவி பிடித்துவிட்டான். அதே சட்டை, அதே மைக். “பார்த்தியா!” என்று ஸ்பேனரை எடுத்தான்.

நான் கொஞ்ச நேரம் கேட்டேன். “இவன் எப்போ பேசினான்?”

நித்யா போனைப் பார்த்தாள். “மூணு நாளு ஆவுது, ஆயா.”

“மூணு நாளைக்கு முன்னாடியே பேசிட்டு எயிந்து போயிட்டவன, நான் இப்ப எப்பிடிடீ திட்றது? செத்தவன் வூட்டுல போய் சண்ட போட்டா மாதிரி கீது. இது வேணாம்.”

ரவிக்குக் கோபம் வந்தது. “எதையாவது ஒண்ணு சொல்லிகினே இருப்ப. எயுத்து தெரிஞ்சாதானே தேட முடியும்? எங்களுக்கும் தெரியாது, உனுக்கும் தெரியாது. பேஜாரு பண்ணாதம்மா.”

எனக்குத் தெரியாது என்று அவன் சொன்னது அறுபத்தொரு வருடத்துக்கும் சேர்த்து ஒரே அடியாக விழுந்தது. போனைக் கேட்டேன். பர்மிய எழுத்தை விரலால் எழுதினாலே போன் எடுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்து நித்யா வைத்துக் கொடுத்தாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, கடித்த வட்டம் ஒன்று போட்டேன். போன் அதை அச்செழுத்தாக மாற்றிக் காட்டியது. இன்னொன்று போட்டேன். ரங்கூனை, பர்மாக்காரர்கள் சொல்வது போல ‘யங்கோன்’ என்று முழுதாக எழுதி முடித்தபோது, ரவி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். “யம்மா, இது உனுக்கு எயுத வருமா?” என்றான். என் வயிற்றில் பிறந்து ஐம்பது வருடம் என்னோடு இருக்கிறவன் கேட்கிறான். “யாரும் கேக்கல” என்றேன்.

அப்போதுதான் அந்தக் கடை திறந்தது. பர்மியப் பெண்கள், பர்மியச் சண்டை, பர்மியச் சிரிப்பு. அதில் சிவப்புப் புள்ளியோடு ஒரு படம். இப்போது, இந்த நிமிஷம் நடப்பது என்றாள் நித்யா. குறுகின அறையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து மொய்ங்கா காய்ச்சிக்கொண்டிருந்தாள். மீனைக் கரைத்துச் செய்யும் குழம்பு, நான் முப்பது வருடம் விற்றது. யாராவது எழுதி அனுப்பினால் அதை வாய்விட்டுப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டே கிண்டினாள். அவள் சட்டி எனக்குப் பொறுக்கவில்லை. சோறு கொதிக்கிற நேரம் எடுத்து எழுதினேன்: ‘வாழைத்தண்டு போடவில்லையா?’

அவள் படித்தாள். சிரித்தாள். கையை ஆட்டிக் கொஞ்சுகிற குரலில் என்னவோ சொன்னாள்.

“இன்னா ஆயா சொல்லுது அந்தக்கா?”

“என்னப் போய் கொயந்தன்னு நெனச்சிகினு கீறா. அம்மா போன எடுத்து வெளயாடாத பாப்பா, அடி வாங்குவ நீன்றா.”

வீடே சிரித்தது. நான் எழுதுகிற மொழி அப்படி. பத்து வயதோடு நின்றுபோன மொழி. ‘எழுபத்தொன்று’ என்று எழுதி அனுப்பினேன். அவள் கரண்டி நின்றது. அவள் மேலே ஏதும் கேட்பதற்குள், ‘பத்து வயதில் கப்பல்’ என்று எழுதினேன். அதைவிட நீளமாக எழுத எனக்கு வராது.

அவள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. அடுப்பைத் தணித்தாள். பிறகு மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: “அமே, எனக்கு இருபத்திரண்டு வயதில் லாரி.”

அமே என்றால் அம்மா. அவள் இருப்பது தாய்லாந்தில். ரங்கூனில் டீச்சராக இருந்தவள், அங்கே சட்டை தைக்கிற கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறாள். லாரியில் ஏற்றும்படி செய்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அந்தச் சட்டையின் நிறம் தெரியும். அந்த ஊரில் வாழைத்தண்டு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை என்றாள். அதற்குப் பதில் எதைப் போடலாம் என்று நான் எழுதிச் சொன்னேன்.

மறுநாள் ரவி ஸ்பேனரோடு வந்தான். “பர்மாவப் பாத்தாச்சு. சொன்ன வாக்க காப்பாத்து.”

“நீ காட்டுனா கயட்டித் தரேன்னேன். நீயாடா காட்டுன?”

தேவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவன் மாடிக்குப் போய், புதுக் கயிறு போட்டு இன்னும் நன்றாக இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினான். வடகத்துக்கு எதிர்வீட்டு மாடி. காலையில் நான் பழையபடி பச்சைச் சட்டைக்காரனைத் திட்டுகிறேன், அவன் பேசும்போதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்ணோடு பேசுகிறேன். இரண்டில் ஒன்றை விடு என்று யாராவது சொன்னால், கடலை விடு, கரையை மட்டும் வைத்துக்கொள் என்பதைப் போலத்தான்.

போன ஞாயிறு அவள், “அமே, நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டாள். நான் எண்ணூர் என்று எழுதினேன். அந்த எழுத்தில் இதற்கு முன் யாராவது எண்ணூரை எழுதியிருப்பார்களோ என்னவோ. அவள் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “எனக்குத் தெரியவில்லையே அமே. அது ரங்கூனுக்கு எந்தப் பக்கம்?”

‘மேற்கே’ என்று எழுதினேன். ‘நடுவில் ஒரு கடல்தான்.’

போதும் நித்யா, பேனாவை மூடு. இப்போ மொதல்லருந்து நிறுத்தி நிறுத்திப் படி, நான் கேக்கணும். நான் ‘கீது’ன்ன எடத்துல எத்தன தபா ‘இருக்கிறது’ன்னு மாத்திகீறன்னு பாக்கறேன்.