ஜீப் வலி என்று நினைத்தேன்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் போகிற எல்லோருக்கும் இடுப்பு வலிக்கும். எங்கள் நர்சிங் கல்லூரியில் அதற்கு ஜீப் வலி என்றே பெயர். இருபது வருடமாக மாணவிகளை மலைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போகும் எனக்கும் வலித்தது. ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு அதே ஜீப்பில் ஏறினேன். நர்சிங் சொல்லிக்கொடுக்கிறவள் செய்கிற வேலையா இது? புத்தி கெட்டவள் நான்.

கர்ப்பிணிகளைப் பார்க்கப் போன ஒரு காலையில், மலையிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். சாமை காயவைத்துக்கொண்டிருந்த வள்ளியம்மா ஓடிவந்தாள்.

"இன்னா நர்சம்மா, எங்க கண்ண இழுத்துப் பாத்து ரத்தம் இல்லன்னு திட்டுவீங்களே, உங்க மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்குதே!"

அந்த வெளுப்பைக் கல்லூரியில் யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்) என்றார் டாக்டர். முதுகெலும்புக் கணுக்களில் ஒன்று நொறுங்கி, தண்டுவடத்தை (முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றை) அழுத்தியிருந்தது. அறுவை, கதிர்வீச்சு, ஊசி எல்லாம் முடிந்தன. கால்களுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

"அடுத்த பேட்ச்சோட மலைக்குப் போலாமா டாக்டர்?"

"மொதல்ல பாதத்துல உணர்ச்சி வரணும் மேடம். மூணு மாசத்துக்குள்ள வந்துட்டா நடக்க வாய்ப்பிருக்கு. வரலைன்னா சக்கர நாற்காலிதான்."

உங்களுக்கும் இதே நோய் என்றால், தேறுதல் சொல்லும் வரி எதையும் இங்கே தேடாதீர்கள். என்னிடம் இல்லை. வலியோடு வேலைக்குப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அதையும் யாரும் கேட்கப்போவதில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில், வீட்டுச் சந்திப்புப் பட்டியலில் (மாணவிகள் வீடு தேடிப்போய்க் கவனிக்கும் நோயாளிகளின் பட்டியல்) என் பெயரும் வந்தது. கணியம்பாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, இறுதியாண்டு மாணவி ஸ்டெல்லா வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே காகிதம் விரித்துப் பையை வைத்தாள், கை கழுவினாள். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது, போங்கள்.

"நேத்து கால் கட்டவெரலு ஆடுச்சும்மா. என் கண்ணால பாத்தேன்," என்றார் என் கணவர். ஒரு வாரமாகத் தினமும் அவர் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்கோங்க மேம். கால்ல பஞ்சு பட்றப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

மூடினேன். ஆண்டவரே, ஒரே ஒரு தடவை. ஓட்டின்மேல் அணில் ஓடியது கேட்டது. கணவர் மூச்சு விடுவது கேட்டது. பாவம், ஸ்டெல்லா பயந்துபோய்த் தயங்குகிறாள் என்று நினைத்தேன். முதல்முறை மலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நிமிடமா, பத்து நிமிடமா, எனக்குத் தெரியவில்லை.

"பயப்படாதம்மா, ஆரம்பி," என்றேன்.

கண்ணைத் திறந்தேன். ஸ்டெல்லா பையை மூடிக்கொண்டிருந்தாள். கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

"ரெண்டு காலும் முடிச்சிட்டேன், மேம்."