அம்மை போனில் நான் மிச்சம் பிடித்த சார்ஜ்

ஞாயிற்றுக்கிழமை அம்மையின் போனில் கை வைத்தேன். சார்ஜ் நிற்கவில்லை என்று புலம்பினாள். பின்னணியில் ஓடிய ஆப் எல்லாவற்றையும் நிறுத்தி, பேட்டரி சேவரையும் போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை நாகர்கோவில் பஸ்ஸில் இருக்கும்போது மஸ்கட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "மக்கா, கோயில் கொடைக்கு லீவு கிடைக்கல்லன்னு சொன்னதுல அம்மைக்கு இன்னும் கோவமா? நாலு நாளா விளிக்கேன், எடுக்கவே இல்ல."

வீட்டில் அம்மையோ நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "கொடைக்கு வரல்லன்னு ஏசிட்டேன். அந்த வருத்தத்துல பிள்ளை விளிக்கவே மாட்டேங்கான்" என்று நான் கிளம்பும்போதும் புலம்பினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் நெட்டில் கூப்பிடும் ஆப்பையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறேன். மணி அடித்தால்தான் அம்மை போனைத் தொடுவாள்.

சாயங்காலம் பூதப்பாண்டி வீட்டுக்கு வந்ததும் அம்மை போனில் நிறுத்திய எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். சார்ஜ் நாலு சதவீதம், வீட்டில் கரண்ட் இல்லை.

"நான் ஏசினது தப்புதான் மக்கா" என்று அம்மை தொடங்கினாள். போன் அணைந்துவிட்டது.

"பாத்தியா, வச்சிட்டான்" என்றாள்.

என் போனுக்கு அண்ணனின் மெசேஜ் வந்தது: "அம்மை பேச்சுக்கு இடையில வச்சிட்டா. சரி, நான் டியூட்டிக்குப் போறேன்." திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பேட்டரி தீர்ந்த கதையை அம்மையிடம் பொறுமையாகச் சொன்னேன். முழுசும் கேட்டாள்.

"நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாத" என்றாள்.

உங்கள் வீட்டில் பேட்டரி என்று சொன்னால் நம்புகிறார்களா?