பதினோராம் படியில் நின்ற மூச்சு

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உற்றார் உறவினர்களே, மொன்ட்ரியால் குளிரில் உறையாமல் எஞ்சியிருக்கும் பெருமக்களே! நீங்கள் ஒருவரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். நம்பாமல் விடுவது உங்கள் பிழை அல்ல. இத்தனை வருடமாக உங்களை அப்படிப் பழக்கியவன் நான்தான்.

செய்தி வந்த காலையில், செயின்ட்-மிஷேலில் என் காரைப் பனிக்குள் தேடிக்கொண்டிருந்தேன். தோண்டத் தோண்ட அயலவர்களின் கார்கள் மூன்று வெளிப்பட்டன, ஒரு குதிரை வண்டியும் வந்தது, என்னுடையது மட்டும் வரவில்லை. தொலைபேசியில் தவராசாவின் மகள் நிலானி.

"மாமா, அப்பா போயிட்டார்."

"எங்க போறான், என்னைக் கேக்காமல்?" என்றேன் வழக்கம்போல.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். எனக்கு விளங்கிவிட்டது. பனி அள்ளும் சவலைப் பிடித்தபடி பனியிலேயே இருந்துவிட்டேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக வாயில் ஒரு பொய்யும் வரவில்லை.

தவராசா மட்டக்களப்பான். நான் யாழ்ப்பாணத்தான். மொன்ட்ரியால்-நோரில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில், ஒரே போறணை அடுப்புக்கு முன்னால் பத்தொன்பது வருடம் நின்றோம். இந்த மலரின் முதற்பக்கத்தில் குடும்பத்தார், "சுவீடனில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்" என்று ஒற்றை வரி போட்டிருக்கிறார்கள். அந்த வரிக்குள் என்ன இருந்தது என்று அறிந்தவன், அவனுடைய மனைவியைத் தவிர, நான் ஒருவன்தான். அவவும் "அந்தப் பேய்ப்பாட்டுக் கதையை இஞ்ச எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிடுவா.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் அவனாகச் சொன்னான். அகதியாகப் போய் இறங்கிய சுவீடன் ஊரில் அவனுக்கு மீன் பெட்டி அடுக்கும் வேலை. குளிரறைக் கதவு வெளியே பூட்டுப்பட்டுப்போன ஒருநாள் உள்ளே நின்று கத்தியிருக்கிறான். கதவைத் திறந்துவிட்ட சுவீடன்காரன் மன்னிப்புக் கேட்கவில்லையாம். "இன்னொருக்காக் கத்து" என்றானாம். அந்தச் சுவீடன்காரன் ஒரு இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பவன். பாடகன் கோபித்துக்கொண்டு போய் ஒரு மாதமாகியிருந்தது. அந்த இடத்துக்குத் தவராசாவைப் பிடித்துக்கொண்டான்.

அந்த இசைக்குப் பெயர் பிளாக் மெட்டல். அறியாத பெரியவர்களுக்குச் சொல்கிறேன். கிற்றார், வாவி முழுக்க நுளம்பு எழும்பினது போல இரையும். மேளம் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவது போல. பாடகன் பாடமாட்டான், கிணற்றடியிலிருந்து கத்துவான். முகத்துக்கு வெள்ளைப்பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. தவராசா முதலில் திருநீறு பூசி, அதன் மேல்தான் அந்தப் பூச்சைப் பூசுவானாம். "கறுவலுக்கு வெள்ளை அடிச்சு வெள்ளைக்காரனைப் பயமுறுத்தின ஆள் நான்தான், அண்ணன்" என்பான்.

குழுவின் முதல் இசைத்தட்டு எல்லாரும் செய்வதுதான், வேகம். இரண்டாவதிலிருந்து அவர்களுக்கு வேறு பைத்தியம் பிடித்தது. மேளக்காரன் தேவாலய ஓர்கன் திருத்துபவன். ஒரு கட்டையையும் அழுத்தாமல், ஓர்கனின் துருத்திக் காற்றை மட்டும் பதிவுசெய்தான். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. மூன்றாவது தட்டில் கிற்றாரையே பாதியில் விட்டுவிட்டார்கள். மற்றக் குழுக்காரர்கள் கத்தலுக்கு இடையில் வரும் மூச்சை வெட்டி எறிவார்கள். இவர்கள் கத்தலைத் தள்ளிவைத்து மூச்சைக் கிட்டக் கொண்டுவந்தார்கள். தவராசாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு என்ற இழுப்பு நோய். மூச்சு இரண்டு தரம் இடறித்தான் உள்ளே போகும். "என்ர வருத்தத்தைத்தான் அவனுகள் சங்கீதம் எண்டானுகள்" என்று சிரித்தான்.

தட்டுகளில் அவனுடைய படமும் இல்லை, பெயரும் இல்லை. அகதி வழக்கு முடியாத பயத்தில் அவனே வேண்டாம் என்றுவிட்டான். தட்டின் உறையில் மற்ற மூவருக்கும் பெயர் உண்டு. 'குரல்' என்ற இடத்துக்கு எதிரில் வெறுமை.

இந்தக் கதையை நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்?

நிலானியின் பதினாறாவது பிறந்தநாள், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் மண்டபம். உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். ஒலிவாங்கி என் கையில் வந்தது. தவராசா மேடையில் ஓநாயைக் கடித்தான் என்றேன். சுவீடன் ராசா மயங்கி விழ, ராணி விசிறினா என்றேன். "இவன் மூச்சை இழுத்தால் பூட்டின கதவும் தானாகத் திறக்கும்!" என்றபோது மண்டபமே குலுங்கியது.

நிலானி சிரிக்கவில்லை. "அப்பா, இதில ஏதும் உண்மையோ?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "மாமா சும்மா சொல்றார், மகள்" என்றான்.

போகும்போது வாசலில் என்னை நிறுத்தினான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான்: "எல்லாம் சரி அண்ணன். நீங்க சொன்னதுல நான் எங்க இரிக்கன்?"

அதன் பிறகு அவன் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாரிக் குளிரில் அவனுடைய நுரையீரல் முற்றாகச் சோர்ந்தது. பார்க்கப் போனேன். மூன்றாம் தட்டை என் கையில் தந்தான். "ஒருநாளைக்கு இதைப் போட்டு, கூட்டாமக் குறைக்காம மகளுக்குச் சொல்லுங்க. நான் சொன்னா உங்களிட்டப் பொய் பழகிட்டன் எண்டுவாள்."

"பேந்து சொல்லுறன், அவசரப்படாதை."

"உங்கட பேந்து வாறதுக்குள்ள என்ர மறுகா முடிஞ்சிரும், அண்ணன்."

என் ஊர் 'பேந்து'வும் அவன் ஊர் 'மறுகா'வும் ஒரே 'பிறகு'தான் என்று சிரித்தோம். அவன் சொன்னபடியே ஆயிற்று. நான் நிலானியிடம் சொல்லும் முன்பே அவன் போய்விட்டான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த மத்தியானம், தட்டோடு நிலானி முன்னால் போய் இருந்தேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாம் சொன்னேன். கைகட்டிக் கேட்டாள். முகம் கல்.

"அப்பா செத்து எட்டு நாள்தான். இப்பவும் தொடங்கிட்டீங்களோ, மாமா?"

அதற்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

"ஒருக்காக் கேள், பிள்ளை. பிறகு என்னை வீட்டுக்குள்ளயே எடுக்காதை."

அவளிடம் இசைத்தட்டுப் போட்டுக் கேட்கும் பெட்டி இருந்தது. போட்டாள். இரைச்சல் வந்தது, ஓர்கன் காற்று வந்தது, கத்தல் வந்தது. "இது ஆர் வேணுமெண்டாலும் இருக்கலாம்" என்று நிறுத்தக் கை நீட்டினாள்.

அப்போது எல்லாம் அடங்கி, அந்த மூச்சு வந்தது. ஒருதரம் இடறி, இன்னொருதரம் இடறி, மெல்ல உள்ளே போனது.

அவர்கள் வீட்டுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு என்று உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து வரும் தவராசா பதினோராம் படியில் நிற்பான். அந்த மூச்சை இழுத்துத்தான் மிச்சப் படியை ஏறுவான். சின்ன வயதிலிருந்தே நிலானிக்கு அதுதான் அழைப்பு மணி.

அவள் கை அந்தரத்தில் நின்றது. எழுந்தாள். என்னையும் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. நடந்துபோய் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே படியும் பனியும்தான். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, தட்டு முடியும்வரை குளிருக்குள் நின்றாள்.

பிறகு வந்து ஒரு பேனா கேட்டாள். உறையில் இருந்த வெறுமையில் தகப்பனின் பெயரைத் தமிழில் எழுதினாள்.

தட்டு அவளிடமே இருக்கிறது. எனக்கு அவன் விட்டுப்போனது அந்தக் கேள்வி: நீங்க சொன்னதுல நான் எங்க இரிக்கன்? வாய் திறக்கும்போதெல்லாம் அது முன்னால் வந்து நிற்கிறது. இந்த மலரிலும் நின்றது. பனிக்குள் வந்த அந்தக் குதிரை வண்டியில் மட்டும் அதற்குத் தப்பிப் பொய் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

அந்தப் பிறந்தநாளில் உங்களுக்குச் சொன்னவற்றில் ஓநாய் பொய். ராசா பொய். ராணியின் விசிறியும் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை, அது சொன்ன எனக்கே அன்று தெரியாது: அவன் மூச்சை இழுத்தால் பூட்டின கதவு திறக்கும்.