நீத்தின சுண்ணாம்பு

இதை எழுத எனக்கு இப்பவும் கூசுது. எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

டீசலுக்கு நாள்கணக்காக லைனில நிண்டு களைச்ச காலத்துக்கு அடுத்த வருசம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடியில், தண்ணியில மிதக்கிற அசோலாச் செடியிலயிருந்து டீசல் எடுக்கிற சின்ன ஆய்வுகூடம் ஒண்டில வேலை செய்தனான். மொட்டைமாடித் தொட்டிகளில் அந்தப் பச்சை, பாய் விரிச்ச மாதிரிப் பெருகும். எண்ணெய்தான் வராது. ஆறு மாதம் அள்ளிக் காயவைச்சு வடிச்சும் ஒரு சோடாப் போத்தல் நிறையேல்லை.

அந்த எண்ணெயை டீசலாக்க ஒரு ஊக்கி வேணும். காலி வீதிக் கொத்துரொட்டிக் கடைகளில் எறியிற முட்டைக்கோதுதான் எங்கட ஊக்கி. கழுவி உலையில சுட்டால் வெள்ளை வெளேரெண்டு வரும். பிறகு அதில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. பட்டால் எண்ணெய் சவுக்காரமாகிப் போகும்.

கோது கழுவ, கூட்டித் துடைக்க, கொட்டாஞ்சேனையிலயிருந்து ஒரு அக்கா வருவா. மலையகத்து ஆள், எந்நேரமும் வாயில வெத்திலை. புருசன் படுத்த படுக்கை. அவவின்ர இந்த வேலையை நம்பித்தான் அந்த வீடு ஓடினது.

ஒரு பின்னேரம் சுட்ட கோதை அவவின்ர கையில குடுத்தன். "இது என்னங்க மிஸ்?" எண்டா. விளங்கப்படுத்த எனக்குப் பஞ்சி, சோம்பல். "சுண்ணாம்பு அக்கா, பக்குவமா எடுத்து வையுங்கோ" எண்டிட்டு வெளிக்கிட்டன்.

அடுத்தநாள் காலமை வந்தால் கோதெல்லாம் நைஸ் மாவாக் கிடக்குது. அட, அரைச்சே வைச்சிட்டா, கெட்டிக்காரி எண்டு சந்தோசப்பட்டன். ஒரு வார்த்தை கேட்டனா? இல்லை. ஆறு மாத எண்ணெய் முழுக்க அதோட சேர்த்துச் சூடாக்கினன். மத்தியானம் குடுவைக்குள்ள கஞ்சி மாதிரிச் சவுக்காரம்.

ஆய்வுகூடத்தை நடத்தின எங்கட பெரியவர் நுகேகொடை ஆள், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆர் செய்தது எண்டு சிங்களத்தில் கத்தினார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னா: "சுண்ணாம்புன்னா தண்ணி தெளிச்சு நீத்தணும்ல மிஸ்? அப்பதானே உதிரும். நீங்கதானே சுண்ணாம்புன்னு சொன்னீங்க? சார்கிட்ட சொல்லுங்க."

ஒரு வசனம். அதைச் சொல்லியிருந்தால் எனக்கு ஏச்சு விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் அவருக்குச் சிங்களத்தில் சொன்னது இது: "தண்ணி படக்கூடாதெண்டு சொன்னனான் சேர், தனக்கு விளங்கேல்லையாம்." மொழிபெயர்ப்பாம்! வெக்கங்கெட்டவள் நான். அக்காவுக்குச் சிங்களம் கடைக்குப் போற அளவுக்குத்தான் தெரியும் எண்டு நானாவே முடிவுகட்டி வைச்சிருந்தன். அந்தத் துணிவில சொன்ன பொய்.

அக்கா என்னை ஒருக்கால் பார்த்தா. பிறகு அவர் பக்கம் திரும்பி, "மாத்தயா, மிஸ் கியப்பு எக ஹரி. மட வெரதுணா" எண்டா. மிஸ் சொன்னது சரி, எனக்குத்தான் பிழைச்சுப் போச்சு எண்டு. ஒரு தடுமாற்றம் இல்லை. என்ர சிங்களத்தைவிட எவ்வளவோ சுத்தம்.

நாளையிலயிருந்து வரவேண்டாம் எண்டு அவர் சொன்னபோது, அதை மொழிபெயர்க்கச் சொல்லி ஆரும் என்னைக் கேக்கேல்லை.